ஓடும்போது மயங்கி விழுந்தால் வலிப்பு என்று முடிவுகட்டாதீர்கள்

மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பத்து வயதுப் பையன் சட்டென்று சுருண்டு விழுகிறான். கை கால் இரண்டு மூன்று முறை வெட்டி இழுக்கிறது. யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்து, "என்னாச்சு?" என்று தெளிவாகக் கேட்கிறான். வலிப்பு வந்தது, சாவி கொடுத்ததும் நின்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சே மருத்துவச் சீட்டிலும் ஏறிவிடுகிறது. வலிப்பு மாத்திரை ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இந்த ஒரு தவறுக்காகத்தான்.

இதயம் தாளம் தப்பி, மூளைக்குச் சில நொடிகள் ரத்தம் போகாவிட்டாலும் கை கால் இழுக்கும். தாளம் தானாகத் திரும்பினால் பிள்ளை எழுந்துவிடும். அந்த நேரத்தில் சாவி கையில் இருந்தது, அவ்வளவுதான். தாளம் திரும்பாவிட்டால் சாவி தேடும் நேரத்தில் உயிர் போய்விடும். கூப்பிட்டால் அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவே வேகமாக, ஆழமாக அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

பரம்பரையாக வரும் தாளக் கோளாறுகளில் அதிகம் ஆராயப்பட்டது லாங் க்யூடி. இசிஜியில் க்யூ அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட நேரம் நீள்வதால் இந்தப் பெயர். ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்கள் பொட்டாசியத்தை வெளியேற்றி அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அதற்கான வாயில் பிறவியிலேயே பழுதாக இருந்தால் அந்த நேரம் நீளும். இடையில் தப்பாக நுழையும் ஒரு துடிப்பு மொத்தத் தாளத்தையும் குலைத்துவிடும்.

அதனால், விழுந்தபின் எப்படி இழுத்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். விழுவதற்கு முந்தைய நொடியில் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது? பள்ளி பிரேயரில் வெயிலில் நெடுநேரம் நின்று, வியர்த்து, கண் இருண்டு விழுவது பெரும்பாலும் சாதாரண மயக்கம். ஓடும்போது, நீந்தும்போது, அலாரமோ போன் மணியோ திடீரென்று அடித்து எழுப்பும்போது விழுவது அப்படியல்ல. லாங் க்யூடிக்குக் காரணமான மரபணுக்களில் கேசிஎன்க்யூ1 பழுதுள்ளவர்களுக்கு உடலுழைப்பு, அதிலும் நீச்சல் ஆபத்து. கேசிஎன்எச்2 பழுதானவர்களுக்குத் திடீர் ஓசை. எஸ்சிஎன்5ஏ என்றால் தூக்கத்திலேயே வரலாம். நன்றாக நீச்சல் தெரிந்த பிள்ளை கிணற்றில் மூழ்கியது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்த வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கு இசிஜி எடுத்தார்களா என்றுதான் மனம் கேட்கிறது.

இசிஜி எடுத்தால் மட்டும் போதாது. மெஷின் அச்சடிக்கும் எண்ணை அப்படியே நம்புவது அடுத்த தவறு. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 900-க்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் நான்கு இசிஜிகளைக் கொடுத்தார்கள். இதய மருத்துவர்களிலேயே நான்கில் ஒருவருக்கும் குறைவானவர்கள்தான் நான்கையும் க்யூடி நீண்டது, இயல்பானது என்று சரியாகப் பிரித்தார்கள். இசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிநொடி. க்யூ அலை தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் இடம்வரை கையால் எண்ணி, நாடித்துடிப்புக்கேற்பத் திருத்த வேண்டும். அப்படித் திருத்திய அளவு மீண்டும் மீண்டும் 480 மில்லிநொடியைத் தொட்டால் நோய் என்றே கொள்ளலாம். ஆனால் மரபணுப் பழுது உள்ளவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு அளவு இயல்பாகவே இருக்கும். சிபிவிடி என்ற இன்னொரு பரம்பரைக் கோளாறில் படுக்கவைத்து எடுக்கும் இசிஜியில் எதுவும் தெரியாது. டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் வெளிப்படும். 'இசிஜி நார்மல்' என்ற இரண்டு சொல்லோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

மரபணு அறிக்கையையும் இப்படித்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். லாங் க்யூடிக்குக் காரணம் என்று சொல்லப்பட்டுவந்த 17 மரபணுக்களை ஆய்வாளர்கள் 2020-இல் மறுபடி சோதித்தபோது, வழக்கமான லாங் க்யூடிக்கு உறுதியான சான்று இருந்தது மேலே சொன்ன மூன்றுக்கு மட்டுமே. பழைய அறிக்கை வைத்திருப்பவர்கள் மறுமதிப்பீடு கேட்பது நல்லது.

குடும்பத்தை விட்டுவிடுவது பெருந்தவறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. "சித்தப்பா சின்ன வயசிலேயே தூக்கத்தில் போய்ட்டார்" என்ற பேச்சு மருத்துவர் காதுக்குப் போக வேண்டும். 1957-இல் நார்வேயில் யெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அடிக்கடி மயக்கம். மூவர் 4, 5, 9 வயதில் திடீரென்று இறந்தார்கள். பெற்றோருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. லாங் க்யூடியில், பழுது இரு பக்கமிருந்தும் சேர்ந்தால் வரும் வகை இது. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் மணக்கும் நம் வீடுகளில் அந்த வாய்ப்பு கூடுதல். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு, காது கேட்கக் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைக்கு முன்பாவது ஒரு இசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

நோய் உறுதியானபின் தவறு நடக்கும் இடம் மருந்துக்கடை. இதற்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளில் ப்ரோப்ரனலால், நாடலால் ஆகியவை நன்றாகக் காப்பவை; 'அதே வகைதான்' என்று மெட்டோபிரோலாலைக் கொடுத்தால் அது அந்த அளவுக்குக் காப்பதில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தவும் கூடாது. அஸித்ரோமைசின், டோம்பெரிடோன், ஃப்ளூகோனசோல், ஆன்டன்செட்ரான் எல்லாம் க்யூடியை நீட்டக்கூடியவை. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும். அதுவே இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து. அதே நேரத்தில்தான் வாந்தி நிற்க ஆன்டன்செட்ரான் கைக்கு வருகிறது. 'லாங் க்யூடி இருக்கிறது' என்று எழுதிய சீட்டைப் பிள்ளையின் புத்தகப்பையிலும் உங்கள் பர்ஸிலும் வைத்து, எந்த மருந்து வாங்கும்போதும் முதலில் அதைக் காட்டுங்கள்.