தினமும் 100 கிலோமீட்டர் ஓட்டப் போறீங்களா? பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சுட்டு போங்க

திருப்பூர்ல வீடு, கோயம்புத்தூர் சரவணம்பட்டில ஆபீஸ், போக வர 100 கிலோமீட்டர். ஒரு வருஷம் பஸ்ல போய் பாத்தேன், ராத்திரி ஷிஃப்ட் வந்ததும் முடியல, பழைய டீசல் வண்டி தேட ஆரம்பிச்சேன். முதல் வண்டில நல்லா ஏமாந்தேன், ரெண்டாவது வண்டி இன்னைக்கு வரைக்கும் ஓடுது. அந்த ரெண்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டதுதான் இது.

முதல்ல உங்களுக்கு டீசல் வேணுமான்னு கணக்கு போடுங்க. ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், மாசம் 24 நாள், ஆக 2,400 கிலோமீட்டர். பெட்ரோல் 100 ரூபா, டீசல் 92 ரூபான்னு வச்சுக்கோங்க. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுத்தா மாசம் 16,000, டீசல் 20 குடுத்தா 11,000 சொச்சம். மாசம் 5,000 ரூபா மிச்சம், அதுல டீசல் வண்டிக்கு வர்ற கூடுதல் சர்வீஸ் செலவெல்லாம் போனாலும் கைல நிக்கும். இதே நீங்க தினமும் 30 கிலோமீட்டர்தான் ஓட்டுவீங்கன்னா மிச்சம் 1,500 கூட வராது, எஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற இன்ஜெக்டர் ஒண்ணு போச்சுன்னா பல மாச மிச்சமும் சேந்து போயிரும். அவங்க பேசாம பெட்ரோல் வண்டி பாருங்க, இத படிக்கவே வேணாம்.

இப்ப எந்த வண்டி. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புது புகை கட்டுப்பாட்டு விதி வந்ததும் சின்ன டீசல் வண்டிய பாதி கம்பெனி கைவிட்டுட்டாங்க, மாருதி மொத்தமா டீசலையே நிறுத்திட்டாங்க. அதனால மார்க்கெட்ல கிடைக்குறது பெரும்பாலும் அதுக்கு முந்தின விதிப்படி செஞ்ச பிஎஸ்4 வண்டிதான். ஸ்விஃப்ட், ரிட்ஸ், பலேனோ மூணுலயும் இருக்குறது ஃபியட்காரன் டிசைன் பண்ண அதே 1,248 சிசி எஞ்சின், டாடா விஸ்டா குவாட்ராஜெட்லயும் ஃபியட் புன்டோலயும் அதே குடும்பம்தான். அவிநாசி ரோட்டுல எந்த மெக்கானிக்கும் கண்ண மூடிட்டு பிரிச்சு மாட்டுவாங்க, பார்ட்ஸ் எங்க போனாலும் கிடைக்கும், என்ன, 2,000 ஆர்பிஎம்க்கு கீழ கொஞ்சம் தூங்கும். ஐ20 1.4 டீசல் ஹைவேல நல்லா உக்காந்து ஓடும். ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் 100 பிஎஸ் பவர், ஓட்டுறதுக்கு எனக்கு தெரிஞ்சு இந்த விலைல இத மாதிரி வண்டி இல்ல, ஆனா ஃபோர்டு இந்தியால கார் தயாரிப்ப நிறுத்துறதா 2021ல அறிவிச்சுட்டாங்க, உங்க வீட்டுப் பக்கத்துல சர்வீஸ் சென்டர் எங்க இருக்குன்னு பாத்துட்டு போங்க. டொயோட்டா லிவா டீசல் அழகில்லாத வண்டி, உள்ள உக்காந்தா சத்தம் கேக்கும், ஆனா உழைப்பாளி. போலோ பிடிச்சவங்களுக்கு நான் என்ன சொன்னாலும் போலோதான் வாங்குவாங்க, வாங்குங்க, பர்ஸ்ல கொஞ்சம் கூடுதலா வச்சுக்கோங்க.

ஃபிகோ, போலோ ரெண்டுலயும் எஞ்சின் வால்வ நேரத்துக்கு திறந்து மூட வைக்கிறது டைமிங் பெல்ட். ஸ்விஃப்ட்ல, ஐ20ல செயின். பெல்ட் வண்டின்னா அத எப்ப மாத்துனாங்கன்னு பில் கேளுங்க, வாய்ல சொல்றத நம்பாதீங்க, ஓடிட்டு இருக்கும்போது பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், அதுக்கப்புறம் எஞ்சின் வேலைதான். பில் இல்லைன்னா மாத்தலன்னே வச்சுக்கிட்டு, மாத்துற செலவ விலைல குறைச்சு கேளுங்க.

சரி, நான் ஏமாந்த கதை. பழைய வண்டி விக்கிற ஒரு கன்சல்டிங்ல ஸ்விஃப்ட் டீசல், மீட்டர்ல 62,000, சீட்டுக்கு புது கவர், டயர் கருப்பா மினுமினுன்னு. பாத்ததும் விழுந்துட்டேன். வாங்கி ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வேலைக்கு கம்பெனி சர்வீஸ் சென்டர் போனா, வண்டி நம்பர போட்டுப் பாத்துட்டு அந்தப் பொண்ணு சொல்லுது, சார் மூணு வருஷம் முன்னாடியே இந்த வண்டி 1,18,000ல சர்வீஸ் வந்திருக்கேன்னு. அன்னைக்கு புரிஞ்சுது, டீசல் வண்டில கம்மி கிலோமீட்டர்ங்கறது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்ல, சந்தேகப்பட வேண்டிய விஷயம். கூடுதல் காசு குடுத்து டீசல் வாங்குனவன் ஏன் வண்டிய வீட்டுல நிறுத்தி வைக்கிறான்? உண்மையிலயே கம்மியா ஓடி இருந்தாலும், ஊருக்குள்ளயே ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஓடுன டீசல் எஞ்சின்ல புகைல கொஞ்சத்த திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆர் வால்வு பூரா கரி பிடிச்சு கிடக்கும். அதுக்கு 1,30,000 கிலோமீட்டர் ஹைவேல ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வச்சிருக்குற வண்டி எவ்வளவோ மேல். என்னோட ரெண்டாவது வண்டி அப்படித்தான், மீட்டர் 1,27,000, கூடவே ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய பில்லு.

அதனால வண்டி நம்பர வாங்கிட்டு போய் முதல் வேலையா சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க. ஓனர் கூட இருந்தா சுலபமா குடுப்பாங்க. கூடவே கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீட் ஓரம் இதெல்லாம் தேஞ்சிருக்கான்னு பாருங்க, 60,000 ஓடுன வண்டில பெடல் ரப்பர் வழவழன்னு ஆகாது. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்ச டயர்.

வண்டி பாக்கப் போறத காலைல வைங்க, வரப்போற நேரத்த ஓனர்கிட்ட சொன்னாலும் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சேத்து சொல்லுங்க. எங்க மெக்கானிக் அண்ணன் போனதும் யார்கிட்டயும் பேச மாட்டாரு, நேரா போய் பானட் மேல கைய வைப்பாரு. சூடா இருந்துச்சுன்னா "நாளைக்கு வர்றோமுங்க"ன்னு சொல்லிட்டு திரும்பிருவாரு. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மைய சொல்லும். சாவி திருப்புனதும் ஒரே மூச்சுல பிடிக்கணும். பிடிச்ச ஒடனே லேசா புகை வந்து நின்னா பரவால்ல. நீலமா வந்துட்டே இருந்தா ஆயில் எரியுது, வெள்ளையா நிக்காம வந்தா இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ, ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது கரும்புகை கக்குனா டர்போ, இன்ஜெக்டர், ஈஜிஆர் மூணுல ஏதோ ஒண்ணு.

அப்புறம் எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடிய மெதுவா திறந்து, திருகாம அப்படியே வாய் மேல கவுத்து வைங்க. லேசா ஆடுனா சரி. மூடி தூக்கி தூக்கி அடிச்சு, உள்ள இருந்து பீடி குடிக்கிற மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு புகை வந்தா அதுதான் பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருச்சு, அந்த வண்டி எவ்வளவு சீப்பா வந்தாலும் வேணாம். ஆயில் கருப்பா இருக்குன்னு மட்டும் பயப்படாதீங்க, டீசல்ல மாத்துன கொஞ்ச நாள்லயே கருத்துரும். கூலன்ட் டப்பாவுல எண்ணெய் படலம் மிதந்தா அதுக்கு பயப்படணும். டர்போ தள்ளுற காத்த குளிர வைக்கிற இன்டர்கூலருக்கு போற ஹோஸ கழட்டி விரல விட்டுப் பாத்தா கொஞ்சம் எண்ணெய் பிசுக்கு இருக்கத்தான் செய்யும், குளமா நின்னா டர்போ சீல் போயிருச்சு.

டெஸ்ட் டிரைவ் தெருவ சுத்துறது இல்லீங்க. நீங்க தினமும் போகப் போற ரோட்டுலயே 20 கிலோமீட்டராவது கொண்டு போங்க, நான் அவிநாசில இருந்து நீலாம்பூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், டீசலுக்கு நானே 500 ரூபா போட்டேன், அதுக்கும் ஓனர் முறைச்சாரு. நாலாவது கியர்ல 40ல போகும்போது ஃபுல்லா மிதிங்க, ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி ஏறலன்னா கிளட்ச் வழுக்குது. டர்போ லேசா விசில் அடிக்கலாம், ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிடக் கூடாது. ஏசி போட்டு 80ல நிதானமா ஓட்டி டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்குதான்னு பாத்துட்டு, சூடா நிறுத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க, அப்ப இழுத்து இழுத்து பிடிச்சா இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் (ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசல திருப்பி விடுதுன்னு அளக்குறது) எடுக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

சென்னை நம்பர் வண்டின்னா இன்னொரு வேலை இருக்கு. 2015லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணில நின்ன வண்டிங்க நிறைய, அதுல சிலது கழுவி துடைச்சு நம்ம பக்கம் வந்துருது. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடி நுனில சேத்துக் கறை இருந்தா முடிஞ்சுது. சீட்டுக்கு அடில சீட் நகர்ற கம்பில துரு, கார்பெட்ட தூக்குனா புழுங்குன வாடை, இதுவும் அதே. டெல்லி நம்பர் வண்டி விலைய பாத்து மயங்காதீங்க, அங்க 10 வருஷம் தாண்டுன டீசல் வண்டிக்கு வந்த கட்டுப்பாட்டாலதான் இங்க தள்ளி விட ஆரம்பிச்சாங்க, என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று), ரீ-ரெஜிஸ்ட்ரேஷன், இங்க கட்டுற லைஃப் டாக்ஸ் எல்லாம் சேத்தா சீப்பு இல்ல.

பேப்பர் விஷயம் சுருக்கமா. ஆர்சில இருக்குற எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் வண்டிலயும் அதேவான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க. டி-போர்டுல, அதாவது டாக்ஸியா ஓடி, அப்புறம் ஓன் போர்டா, அதாவது சொந்த வண்டியா மாத்துனதான்னு கேளுங்க. ஃபைனான்ஸ் இருந்தா கடன் முடிஞ்சதுக்கான ஃபார்ம் 35ம் பேங்க் என்ஓசியும் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். ஓனர் பேர் மாத்துற ஃபார்ம் 29, 30ல உங்க பேர எழுதிட்டு கையெழுத்து வாங்குங்க, பேர் எழுதாம வெத்து ஃபார்ம்ல கையெழுத்து போட்டு தர்றேன்னா அந்த ஆட்டத்துக்கு போகாதீங்க. இ-சலான் அபராத பாக்கி அரசோட பரிவாஹன் சைட்லயே தெரியும். இன்சூரன்ஸ் 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும், பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் பண்ணாததுக்கு கிடைக்குற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதனால பிரீமியம் ஏறும்.

கைல இருக்குற மொத்தத்தையும் வண்டிக்கே குடுத்துராதீங்க, ஒரு 40,000 தனியா வைங்க. ஓட்டிட்டு வந்த முதல் வாரமே ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாத்துங்க, பெல்ட் வண்டின்னா பெல்ட்டும். அப்புறம் டேங்க் ஃபுல் பண்ணி, மீட்டர குறிச்சு வச்சு, அடுத்த ஃபுல் வரைக்கும் எவ்வளவு ஓடுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. எனக்கு முதல் டேங்க் 18, ஈஜிஆர் கழட்டி கரி சுரண்டி மாட்டுன பிறகு 21. ஹைவேலயே ஓட்டியும் உங்களுக்கு 16க்கு மேல ஏறலன்னா ஒண்ணு பிரேக் பிடிச்சுட்டே ஓடுது, இல்ல இன்ஜெக்டர், அடுத்த சனிக்கிழமையே மெக்கானிக்கிட்ட விட்டுருங்க.