கடன் நோட்டை மூன்று பேர் பார்க்கட்டும்

கடனை அடைக்க வழி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மொத்தம் எவ்வளவு? பதில் பெரும்பாலும் இழுபடும். "சுமார் இவ்வளவு இருக்கலாம்" என்பார்கள். அந்தச் "சுமார்" எப்போதும் உண்மையான தொகைக்குக் கீழேதான் இருக்கும். மேலே இருந்து நான் பார்த்ததில்லை. கணக்கு எழுதியே பிழைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் உறவினர்களும் தெரிந்தவர்களும் நோட்டுப் புத்தகத்தோடு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். யாருக்குத் தர வேண்டும், இன்றைய பாக்கி எவ்வளவு, வட்டி எத்தனை, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், எந்தத் தேதியில். வங்கிக் கடன், கடன் அட்டை, அடகு வைத்த நகை, கடைப் பாக்கி, நண்பரிடம் வாங்கிய கைமாற்று, அண்ணனிடம் வாங்கித் தராமல் இருப்பது என எதையும் விடக் கூடாது. "அது கடன் இல்லை, அவர் கேட்க மாட்டார்" என்று சிலவற்றைத் தள்ளிவைக்கப் பார்ப்பார்கள். அவைதான் முதலில் தாளில் ஏற வேண்டியவை. கேட்காதவருக்குத் தராமல் இருப்பது பணக் கடனோடு முடிவதில்லை.

கணவனும் மனைவியும் இருந்தால் இருவரும் தனித்தனித் தாளில் எழுதட்டும், எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்க வேண்டாம். ஒரு தம்பதி என் முன்னால் அப்படி எழுதினார்கள். அவர் வேகமாக எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவள் மூன்றாவது வரியில் நின்று, ஒரு பெயரை எழுதி, அதை அடித்து, மறுபடி எழுதினாள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டிலும் அதே நண்பரின் பெயர் இருந்தது. ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் அதே மனிதரிடம் கைமாற்று வாங்கியிருந்தார்கள். அந்த மனிதரும் இருவரிடமும் மற்றவரைப் பற்றி மூச்சு விடவில்லை. வெகு நேரம் அந்த அறையில் யாரும் பேசவில்லை. பிறகு கணவர்தான் சிரித்தார். மொத்தத் தொகை அன்று அவர்கள் நினைத்ததைவிட அதிகமாகத்தான் வந்தது. ஆனாலும் வீட்டுக்கு ஒரே தாளோடு போனார்கள்.

வட்டி என்ன செய்கிறது

வட்டிக் கட்டத்தை நிரப்பும்போது ஆண்டு வட்டியா மாத வட்டியா என்று பாருங்கள். நூற்றுக்கு மூன்று என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். மாதத்துக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம், அதுவும் வட்டிக்கு வட்டி சேராமல்.

ஒரு லட்சம் கடன், மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 3,000. மாதம் 3,000 கட்டினால் ஆயுள் முழுக்கக் கட்டலாம், அசலில் ஒரு காசு குறையாது. 3,500 கட்டினால் 66 மாதம் ஆகும். கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 2,30,000 கை மாறியிருக்கும். அதே கடனுக்கு மாதம் 5,000 கட்டினால் 31 மாதத்தில் முடிந்துவிடும். மொத்தம் சுமார் 1,55,000. மாதம் 1,500 கூடுதலாகப் போட்டதில் காலம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, 75,000 மிச்சம். வட்டியை மட்டும் ஒட்டிக் கட்டுகிறவருக்கு அதற்கு மேல் போடும் ஒவ்வொரு காசும் அசலைத்தான் கடிக்கிறது. கடன் அட்டைச் சீட்டில் அச்சாகும் "குறைந்தபட்சத் தொகை" உங்களை அந்த எல்லைக்கோட்டின் ஓரத்திலேயே உட்கார வைப்பதற்கானது. பாக்கி வைத்திருக்கும் அட்டையில் புதிதாக ஒன்று வாங்கினால், பெரும்பாலான அட்டைகளில் அதற்கு வட்டியில்லாத நாள்களும் கிடையாது; வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே பாக்கி தீரும்வரை அந்த அட்டைக்குப் பணப்பையில் இடம் வேண்டாம்.

இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. "ஆண்டுக்கு 12 சதவீதம்தான், இரண்டு ஆண்டு" என்று ஒரு லட்சம் தருவார்கள். 24,000 வட்டியை முதலிலேயே அசலோடு கூட்டி, 24 ஆல் வகுத்து, மாதம் 5,167 என்பார்கள். நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். வட்டியோ முழு லட்சத்துக்கும் கடைசி மாதம்வரை போட்டிருக்கிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம். கையெழுத்துப் போடுவதற்கு முன் "வட்டி முழு அசலுக்கா, குறைந்துவரும் அசலுக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

வரவு செலவு

திட்டம் போடுவதற்கு முன் ஒரு மாதம் சும்மா எழுதுங்கள். எதையும் குறைக்க வேண்டாம், யாரும் யாரையும் கடிய வேண்டாம், செலவான அன்றே எழுதினால் போதும். இரவில் நினைவுபடுத்தி எழுதுவது பாதி கற்பனை. 1904இல் ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். இன்ன செலவுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுவது அதன் முறை. செயலி, கணினி என்று எவ்வளவு வந்தாலும் அந்த இரண்டு பத்திகளுக்கு மேல் தேவைப்படுவதை நான் பார்க்கவில்லை.

ஒதுக்கும்போது வரிசை முக்கியம். குடியிருக்கும் இடம், சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், மருந்து, வேலைக்குப் போய்வரும் செலவு ஆகியவை முதலில். வசூலுக்கு வருகிறவர் சத்தம் போடுகிறார் என்பதற்காக மருந்துப் பணத்தை எடுத்துக் கொடுத்தால், அடுத்த வாரம் மருந்துக்கு அவரிடமே கடன் கேட்டு நிற்க வேண்டிவரும். சத்தம் போடுகிறவருக்கு முதலில் என்பது வீட்டுக் கணக்கில் மிகக் கெட்ட பழக்கம்.

திட்டங்கள் உடைவது தினச் செலவில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை வரும் செலவில்தான் உடைகின்றன: பள்ளிக் கட்டணம், காப்பீடு, வரி, வண்டிப் பழுது, பண்டிகை, நெருங்கிய வீட்டுக் கல்யாணம். இவற்றை "எதிர்பாராத செலவு" என்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வருகிறதை எப்படி எதிர்பாராமல் இருக்க முடியும்? போன ஆண்டு இவற்றுக்கு ஆனதைக் கூட்டி 12 ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். கடன் கட்டும் காலத்திலும் இதை நிறுத்தக் கூடாது. முடிந்தால் ஒரு மாதத் தவணை அளவுக்காவது கையிருப்பும் வேண்டும். கடனுக்கு வட்டி ஓடும்போது பணத்தைச் சும்மா வைப்பதா என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி சரிதான். ஆனால் கையில் ஒன்றும் இல்லாத வீடு, குழாய் உடைந்தால்கூடப் புதுக் கடன் வாங்கும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்காத ஒரு சிறு தொகையும் கொடுங்கள். அது இல்லாத திட்டத்தில் ஆட்கள் பொய் சொல்லத் தொடங்குவார்கள்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதில் என் கட்சி தெளிவானது: எல்லாவற்றுக்கும் கட்டாயத் தவணையைக் கட்டிவிட்டு, மிஞ்சுவதை முழுக்க அதிக வட்டிக் கடனில் போடுங்கள். சின்னக் கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் முடியக்கூடிய கடன் ஏதாவது இருந்தால் நானும் அதை முதலில் முடிக்கச் சொல்வேன்; மற்றபடி வட்டிதான் அளவுகோல். எந்த வழியானாலும், முடிந்த கடனின் தவணைப் பணம் வீட்டுச் செலவுக்குள் கரைந்துவிடக் கூடாது. அன்றே அடுத்த கடனின் தவணையோடு அதைச் சேர்த்துவிட வேண்டும்.

தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதி தவறுவதற்கு முன் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு போகிறவருக்கு அபராதமும் சேர்ந்துகொள்ளும், பேச்சில் எடையும் இருக்காது. எவ்வளவு கட்ட முடியும் என்பதை உங்கள் தாளைப் பார்த்தே சொல்லுங்கள். தாராளமாக ஒப்புக்கொண்டு அடுத்த மாதம் மறுபடி தவறுவதைவிட, குறைவாகச் சொல்லி அதில் நிற்பது மேல். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்தால் மொத்த வட்டி கூடும் என்பதையும் தெரிந்தே செய்யுங்கள். எல்லாக் கடனையும் ஒரே கடனாக்குவது, புதிய வட்டி உண்மையிலேயே குறைவாக இருந்து, பழைய அட்டைகளையும் மூடினால் மட்டுமே பயன் தரும். மூடாவிட்டால் ஓர் ஆண்டில் பழையதும் புதியதும் கூடி நிற்கும். கைமாற்றுக் கொடுத்தவரிடமும் இப்படியே: ஒரு தொகை, ஒரு தேதி, நேரில்.

இனி அந்த மூன்று பேர்

இதுவரை சொன்னதைத் தெரியாதவர் அதிகம் இல்லை. தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், கடனை ஒளித்து வைக்கிறோம். ஒளித்து வைத்ததைச் சரிபார்க்க ஆள் கிடையாது. நோட்டு மூன்றாம் மாதம் நின்றுபோனாலும் யாருக்கும் தெரியாது. அதனால் உங்கள் கணக்கை வேறு இருவர் பார்க்க வேண்டும், அவர்கள் கணக்கை நீங்கள் பார்க்க வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1976இலிருந்து நியூயார்க்கில் தொடர்ந்து கூடத் தொடங்கிய டெப்டர்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பில், கடனில் சிக்கியவரோடு அனுபவமுள்ள வேறு இரு உறுப்பினர்கள் உட்கார்ந்து, அவருடைய வரவு செலவைப் பார்த்து, திட்டம் போட உதவும் வழக்கம் இருக்கிறது. அறிவுரை சொல்ல வருகிறவர்களும் கடன்பட்டவர்களே என்பதுதான் அதன் சூட்சுமம். மேலே உட்கார்ந்து பேச அங்கே யாருக்கும் மேடை இல்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் கூடாது, உங்களிடம் வாங்கியவரும் கூடாது. குடும்பத்துக்குள் செய்தி கொண்டுபோகிற உறவு கூடாது. சம்பளத்தில் உங்களைவிடப் பல மடங்கு மேலிருப்பவரும் சரிப்படாது. உங்கள் செலவு அவருக்குப் புரியாது, அவர் கடன் உங்களுக்கு வேடிக்கையாகத் தெரியும். வேலை செய்யும் இடத்துத் தோழி, நடைப்பயிற்சியில் பழகியவர், பிள்ளைகளின் பள்ளியில் தெரிந்த பெற்றோர், இப்படிச் சற்றுத் தள்ளி நிற்கும் பழக்கம் நல்லது. அழைக்கும்போது உங்கள் தொகையை நீங்கள் முதலில் சொல்லுங்கள். "எனக்கு இவ்வளவு இருக்கிறது, அடைக்க முயல்கிறேன், மாதம் ஒருமுறை என் நோட்டைப் பார்ப்பாயா?" என்று கேட்டால், பத்தில் பாதிப் பேர் தங்களுடையதையும் சொல்லத் தொடங்குவார்கள்.

சம்பளம் வந்த முதல் வாரத்தில் கூடுங்கள். மாதக் கடைசியில் கூடினால் புலம்பல்தான் நடக்கும், பணம் கையில் இருக்கும்போதுதான் முடிவு எடுக்க முடியும். ஆளுக்கு அரை மணி நேரம். நோட்டு மேசையில் திறந்திருக்க வேண்டும். வாயால் சொல்லும் கணக்கு செல்லாது. பாக்கி போன மாதத்தைவிட எவ்வளவு இறங்கியது, புதுக் கடன் ஏதாவது ஏறியதா, அடுத்த முப்பது நாளில் வரப்போகிற பெரிய செலவு எது என்று இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் விலை உயர்ந்தது. "தங்கை வளைகாப்பு வருகிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு செய்யலாம் என்று மூவரும் சேர்ந்து அன்றே முடிவு செய்துவிடலாம். வளைகாப்பு வீட்டில் நின்றுகொண்டு யாராலும் நிதானமாகக் கணக்குப் பார்க்க முடியாது.

"இதற்கெல்லாம் ஏன் செலவு செய்தாய்?" என்ற கேள்விக்குத் தடை போடுங்கள். அது கேள்வி இல்லை, தீர்ப்பு. ஒருமுறை கேட்டால் அடுத்த மாதம் அந்த வரி நோட்டில் இருக்காது. "அடுத்த மாதமும் இது வருமா?" என்று கேட்டால் போதும்.

மூவருக்குள் கொடுக்கல் வாங்கல் கூடவே கூடாது. இது ஒன்றை மட்டும் கெஞ்சியாவது சொல்வேன். அவசரம் என்றால் கூடச் சேர்ந்து அலையலாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், சமைத்துக் கொடுக்கலாம், கடன் கொடுத்தவரிடம் பேசப் போகும்போது துணைக்குப் போய்ப் பக்கத்தில் உட்காரலாம். பணம் மட்டும் வேண்டாம், ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம். கடன் கொடுத்த அன்றே அவர் உங்கள் நோட்டைப் பார்க்கும் தோழி இல்லை, உங்கள் தாளில் ஒரு வரி. கூட்டாகச் சேர்ந்து கடன் கொடுக்கும் சங்கங்கள் நல்லவைதான். 1864இல் ஜெர்மனியின் ஹெடெஸ்டோர்ஃப் என்ற ஊரில் ரைஃபைசன் என்பவர் தொடங்கிய கடன் சங்கத்தின் வழியில் உலகெங்கும் அவை வளர்ந்தன. ஆனால் அவற்றுக்கு விதிகளும் நிர்வாகமும் மேற்பார்வையும் உண்டு. சமையலறை மேசையைச் சுற்றி உட்காரும் மூவருக்கு அவை கிடையாது.

கூட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு ஏற்பாடு போதும். புதுக் கடன் வாங்கும் எண்ணம் வந்தால், வாங்குவதற்கு முன் மற்ற இருவரில் ஒருவரை அழைக்க வேண்டும். அனுமதி கேட்க இல்லை, சொல்ல மட்டும். தொகையையும் காரணத்தையும் உரக்கச் சொல்லும்போதே பாதி எண்ணங்கள் கலைந்துவிடும். வாங்கியே தீர வேண்டிய நிலைமை என்றால், அந்த அழைப்பிலேயே வட்டிக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிடுகிறது.

யாராவது ஒரு மாதம் வராமல் போனால் விட்டுவிடாதீர்கள். வராததற்குக் காரணம் பெரும்பாலும் நேரமின்மை இல்லை. நோட்டில் எழுத முடியாத ஒரு வரி. அவர் வீட்டுக்குப் போய் உங்கள் நோட்டை அவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

ஒரு கடன் முழுக்கத் தீரும்போது அதைப் பாதியில் விடக் கூடாது. பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தை வாங்குங்கள், கொடுத்து வைத்த பத்திரம், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் எண்ணித் திரும்பப் பெறுங்கள். கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் உத்தரவை நிறுத்தியாயிற்றா என்று அடுத்த மாதம் ஒருமுறை பாருங்கள். கைமாற்றுக் கொடுத்தவரிடம் கடிதம் கேட்க முடியாதுதான்; மூவர் கூட்டத்தில் அந்த வரியை அவர்கள் முன்னால் அடித்துவிட்டு, தேதி போடுங்கள்.