தபீர் இனங்களைப் பிரித்தறிவது எப்படி?

குட்டையான தும்பிக்கை போன்ற மூக்கும் பன்றி போன்ற உடலும் கொண்ட தாவர உண்ணியான தபீரின் படத்தைக் கொண்டு அதன் இனத்தை அறிய விரும்புவோர், நிறத்தை ஆராய்வதற்கு முன் அது எந்த நாட்டில் எடுக்கப்பட்ட படம் என்று கேட்டறிவது நல்லது. பொதுவாக ஏற்கப்பட்டுள்ள நான்கு இனங்களில் ஒன்று மட்டுமே ஆசியாவில் வாழ்கிறது. ஏனைய மூன்றும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. 2013இல் ஐந்தாவதாக விவரிக்கப்பட்ட கபோமானி தனி இனம்தானா என்பதில் ஆய்வாளர்கள் உடன்படாததால், அதை இங்கே சேர்க்கவில்லை.

தீபகற்ப மலேசியா, சுமத்ரா, தாய்லாந்து, தென் மியன்மார் ஆகிய இடங்களில் எடுத்த படமென்றால் அது மலாயாத் தபீர்தான். முன்னுடலும் கால்களும் கறுத்திருக்க, தோளுக்குப் பின்னிருந்து பிட்டம்வரை வெண்மை படர்ந்திருக்கும். முழுக் கறுப்பாகவும் மிக அரிதாகச் சில பிறப்பதுண்டு. 1924இல் சுமத்ராவில் அத்தகையவை பிடிபட்டன. ஆகவே, வெண்மை இல்லை என்பதற்காக மட்டும் அதை அமெரிக்க இனமென்று முடிவுசெய்துவிடக் கூடாது.

அமெரிக்க இனங்களில்தான் கண்ணுக்கு வேலை அதிகம். தென் மெக்சிகோவிலிருந்து பனாமா வழியாகக் கொலம்பியாவின் வடமேற்கு மூலைவரை காணப்படுவது பேர்டுத் தபீர். அதன் கன்னமும் தொண்டையும் வெளிறியிருக்கும். பிரேசில், வெனிசுவேலா தொடங்கி வட அர்ஜென்டினாவரை ஆண்டிஸுக்குக் கிழக்கே பரவியுள்ள தாழ்நிலத் தபீருக்குப் பிடரியில் குட்டையான மயிர்வரிசை நிமிர்ந்து நிற்கும். கொலம்பியா, எக்குவடோர், வட பெரு ஆகியவற்றின் மலைகளில் வாழும் மலைத் தபீர் நான்கிலும் சிறியது; குளிரைத் தாங்கும் அடர்ந்த உரோமமும் வெண்ணிற உதடும் அதற்கு உண்டு. கொலம்பியாவில் இம்மூன்றுமே இருப்பதால், அங்கே நாட்டின் பெயர் போதாது: வடமேற்கு மூலையென்றால் பேர்டு, கிழக்குத் தாழ்நிலமென்றால் தாழ்நிலத் தபீர், ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஆண்டிஸ் மலைக்காடென்றால் மலைத் தபீர் என்று முதலில் ஊகித்துக்கொண்டு, பிறகு உடற்குறிகளைப் பார்க்கலாம்.

குட்டியை வைத்து இனம் சொல்ல முயல வேண்டாம். நான்கு இனக் குட்டிகளும் பழுப்பு உடலில் வெளிறிய கோடுகளும் புள்ளிகளும் கொண்டு பிறந்து, சில மாதங்களில் அவற்றை இழக்கின்றன. அருகில் நிற்கும் தாயைப் பார்ப்பதே நம்பகமானது.

சிங்கப்பூரில் இருப்போர் மலாயாத் தபீரை மண்டாயிலுள்ள நைட் சஃபாரியில் பார்க்கலாம். இரவில் நடமாடும் விலங்காதலால் அந்த நேரமே பொருத்தமானது. அபூர்வமாக வெளியிலும் தென்படும்: 1986இல் புலாவ் உபினிலும் 2023இல் பொங்கோலிலும் அது காணப்பட்டது. நன்றாக நீந்தக்கூடிய விலங்கு என்பதால், ஜொகூரிலிருந்து நீரிணையைக் கடந்து வந்திருக்கலாம் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. நேரில் எதிர்ப்பட்டால் அமைதியாக விலகி நின்று, ஃபிளாஷ் போடாமல், உணவு நீட்டாமல், அது போகும் வழியை மறிக்காமல் இருந்து, இடத்தையும் நேரத்தையும் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.