பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி போதுமா, லேப்டாப்தான் வாங்க வேண்டுமா?

கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்ததும் பலரும் நேராக லேப்டாப் விலை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு டிஸ்க். லேப்டாப்புக்குப் போகும் முன், வீட்டில் இருக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

படி 1: விவரம் குறித்தல்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு பெயர், ரேம் அளவு, டிஸ்க் எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றும் திறக்காதபோதே டிஸ்க் 100 சதவீதம் ஓடுகிறதா? தாமதத்துக்குப் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும்.

படி 2: தலைமுறை பார்த்தல்

இன்டெல் ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-8400 எட்டாம் தலைமுறை, ஐ5-10400 பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்டுகள்) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். முடிவைத் தீர்மானிக்கும் கோடு இதுதான்.

படி 3: எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால்

தயங்காமல் எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் இணைக்கும் வகை) 500-ஐத் தாண்டும். முதலில் ஃபைல்களை பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ நகலெடுத்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பக்கத் தகட்டை உருவுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு கேபிள் செருகியிருக்கும்: மெல்லியது டேட்டாவுக்கு, அகலமானது கரன்ட்டுக்கு. அதே மாதிரிதான் எஸ்எஸ்டிக்கும். இரண்டு செருகியின் வாயும் எல் வடிவத்தில் இருப்பதால் திருப்பிச் செருக முடியாது, பயப்படாதீர்கள். பொருத்தியதும் எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐ நிறுவுங்கள்.

ரேம் 4 ஜிபி என்றால் குறைந்தது 8 ஜிபி ஆக்குங்கள். டிடிஆர்3 வகை ரேம் இருக்கும் மதர்போர்டில் டிடிஆர்4 வகை பொருந்தாது. பழைய ரேமைக் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டி வாங்குவது நல்லது.

படி 4: அதைவிடப் பழையது என்றால்

ப்ராசஸர், போர்டு என்று மாற்றப் போனால் பெரும்பாலும் ரேமும் மாற வேண்டிவரும். அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரவுசர், வீடியோ, கடிதம் அடிப்பது மட்டும்தான் வேலையா? ஒரு எஸ்எஸ்டி மட்டும் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். வங்கி வேலையோ, விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளோ இருந்தால், ஆதரவு முடிந்த விண்டோஸில் காலம் தள்ள வேண்டாம், புதிய கம்ப்யூட்டரே வாங்குங்கள்.

(ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பு நேரம் காட்டினால் பெரும்பாலும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரிதான் தீர்ந்திருக்கும். அதற்காகக் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிடாதீர்கள்.)

படி 5: லேப்டாப் எப்போது?

கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ தூக்கிப் போக வேண்டும், அல்லது அடிக்கடி கரன்ட் போகிறது என்றால் லேப்டாப்தான் சரி. சில மாடல்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. அதனால் கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் முதலிலேயே 16 ஜிபி எடுங்கள். பழைய மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ இருந்தால் லேப்டாப்போடு இணைத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப்பில் போட்ட சாட்டா எஸ்எஸ்டியையும் கழற்றி ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால், பேக்கப் எடுக்க அதுவே போதும்.