தேத்தண்ணிக் கடையில சயன்ஸ் கதைக்கிறது எப்பிடி?

கம்பஸில ஆராய்ச்சி செய்யுற தம்பி தங்கச்சிமார் கனபேர் என்னட்டக் கேக்கிற கேள்வி, நாங்கள் செய்யுறதை வெளியில சனத்துக்குச் சொல்ல ஹோல் புக் பண்ணோணுமோ எண்டு. தேவையில்லை. 1998ல இங்கிலாந்தில லீட்ஸில டங்கன் டலஸ் எண்டவர் ஒரு கஃபேக்குள்ள விஞ்ஞானியைக் கூப்பிட்டுக் கதைக்க விட்டுத்தான் இதைத் தொடங்கினவர், 2013ல பைன்ட் ஒஃப் சயன்ஸ் எண்டு பியர் குடிக்கிற பப்புக்குள்ளயே கொண்டு போட்டினம். எங்களுக்குப் பப் சரிவராது, வீட்டில அடி விழும். பிளேன்ரீ போதும்.

முதல்ல கடை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திப் பக்கம் பின்னேரம் அஞ்சு மணிக்கு ஆக்கள் இருக்கிற கடையாப் பாருங்கோ, முதலாளியிட்ட முதல்நாளே சொல்லி வையுங்கோ. நல்லூர் கொடியேறினா 25 நாளைக்கு இந்தக் கதையையே எடுக்காதேங்கோ, ஒருத்தரும் வரமாட்டினம். மைக், புரொஜெக்டர் ரெண்டும் வேண்டாம், ஸ்லைட் போட்டா அது லெக்சர், சனம் வாயே திறக்காது.

அடுத்தது தலைப்பு. உங்கட தீசிஸ் தலைப்பைச் சொன்னா பக்கத்து மேசைக்காரர் பேப்பரை விரிச்சிடுவார். அவரிட்ட ஏற்கனவே இருக்கிற கேள்வியை எடுங்கோ. நான் எடுத்தது 'கிணறு ஏன் உவராப் போகுது'.

இனித்தான் முக்கியமான விசயம், கையில ஒரு சாமான் வேணும். கிளாஸில பாதிக்குத் தண்ணி எடுத்து ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டு வடிவாக் கரையுங்கோ, அதுதான் கடல். மேல ஒரு கரண்டியைக் கவிட்டுப் பிடிச்சு அதில பட்டு வழியுற மாதிரி ஆறின பிளேன்ரீயை மெதுவா, மெதுவா விடுங்கோ, அது கலக்காமல் மேலயே மிதக்கும், கோடு கீறின மாதிரி இருக்கும். எங்கட குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால இறங்கி இப்பிடித்தான் உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. இப்ப ஸ்ட்ரோவை அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேல பிடிச்சு மெதுவா உறிஞ்சினா தேத்தண்ணி மட்டும் வரும், அது கிணத்தில கையால இறைக்கிற துலா. ஒரே மூச்சில இழுத்தா உப்பு வரும், அது மோட்டர்.

முதல் தரம் எனக்குப் பிழைச்சுப் போச்சு. கடைக்காரர் பாசத்தில நாலு கரண்டி சீனி போட்டுத் தந்திட்டார், சீனியும் பாரம்தானே, ரீ நேர உப்புத்தண்ணிக்குள்ள இறங்கிக் கலந்து எல்லாம் ஒரே கலர். சீனி இல்லாமல் எண்டு ரெண்டு தரம் சொல்லுங்கோ.

பதினைஞ்சு நிமிசத்தில வாயை மூடுங்கோ. மிச்சம் முழுக்க அவையின்ர நேரம். ஒரு ஐயா கேட்டார், "தம்பி, தண்ணி ஒரு அடிதானே இறங்கினது, பிறகேன் உவர் ஏறுது?" எண்டு. நல்ல கேள்வி, கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு அது இருக்கும் எண்டது கணக்கு, அப்ப மேல ஒரு அடி குறைஞ்சா, காலப்போக்கில கீழ உப்பு எவ்வளவு ஏறும் எண்டு அவரையே சொல்ல விட்டன், அவர் சொன்னதும் மேசையில ஒரு சத்தமும் இல்லை.

கட்டாயம் ஒராள் "என்ர கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ" எண்டு கேப்பார். ஓம் எண்டும் சொல்லாதேங்கோ, இல்லை எண்டும் சொல்லாதேங்கோ. தோட்டத்துக்குப் போடுற யூரியாவால வாற நைத்திரேற்று நாக்குக்குத் தெரியாது, குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதை டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும் எண்டு சொல்லி, எங்க குடுக்கலாம் எண்டதை முதலே விசாரிச்சு வச்சிருங்கோ.

எழும்பேக்க எல்லாற்ற ரீ வடைக் காசையும் நீங்களே குடுங்கோ. அந்த உப்புக் கிளாஸையும் நீங்களே கழுவி வையுங்கோ, நான் மறந்துபோய் வந்திட்டன், அடுத்ததா வந்த ஓட்டோ அண்ணைக்கு அதிலதான் பால்தேத்தண்ணி போயிருக்கு.