மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்து வேலைக்கு வரும் தம்பிகளுக்கு

ஈப்போவிலிருந்து வடக்கே பஸ் ஏறி சுங்கை சிப்புட்டில் இறங்கினால் கோயில், தமிழ்ப்பள்ளி, ஒட்டுக்கடை எல்லாம் கண்ணில் படும். நம்மூர்தானே என்று காகித விஷயத்தில் அசந்துவிடாதீர்கள். இங்குள்ள தமிழர் பெரும்பாலும் இந்நாட்டுக் குடிமக்கள், அந்தக் காலத்தில் கங்காணி கூட்டிவந்தவர்களின் வாரிசுகள். நீங்கள் வந்திருப்பது வேலை பெர்மிட்டில். அதில் எழுதிய முதலாளி, எழுதிய வேலை, அவ்வளவுதான். சாப்பாட்டுக் கடையில் கூடுதலாகத் தருவார்கள் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். பிடிபடும்போது கூப்பிட்டவன் பக்கத்தில் இருக்கமாட்டான்.

பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "ஆபீசில் பத்திரமாக இருக்கும்" என்பார்கள். அனுமதியின்றிப் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். லெவியும் (வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க அரசாங்கத்துக்குக் கட்டும் பணம்) முதலாளி கட்ட வேண்டியது, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

இனி கூலிக் கணக்கு. சண்டை வருவதெல்லாம் இங்கேதான். செம்பனை (எண்ணெய்ப் பனை) வெட்டுக்குப் போனால் குலையை ரோட்டோரம் இழுத்து அடுக்கி, காம்பில் உங்கள் நம்பரை எழுதுவீர்கள். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வந்து எண்ணி, பழுக்காத காய்க் குலையைத் தனியாக ஒதுக்கி, தன் புத்தகத்தில் பதிவார். நீங்களும் அங்கேயே உங்கள் நோட்டில் எழுதிவிடுங்கள்: தேதி, குலை எத்தனை, ஒதுக்கியது எத்தனை, உதிரிப் பழம் எத்தனை மூட்டை. சாயங்காலம் லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு) வந்து ஞாபகத்தில் எழுதுவதை யாரும் கணக்காக எடுக்கமாட்டார்கள்.

டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினாலும் மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையக் கூடாது. 2025-லிருந்து இதுதான் சட்டம். வேலைக்கு ஒழுங்காகப் போயிருந்தும் "இந்த மாசம் காய்ப்பு இல்லை" என்று குறைத்தால் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். கிராணியிடம் எகிறாதீர்கள், விலை வைப்பது அவரல்ல.

அரிவாள் வெட்டோ, மட்டை விழுந்த அடியோ, அன்றைக்கே மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) சொல்லிக் கிளினிக் சீட்டு வாங்குங்கள். சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி 2019-லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. பயந்து காயத்தை மறைப்பவர்கள் நிறைய, பிறகு கேட்டால் ஆதாரம் இருக்காது. 2025 அக்டோபரிலிருந்து இ.பி.எஃப் என்ற சேமநிதிக்குச் சம்பளத்தில் நீங்கள் 2%, முதலாளி 2%. சம்பளச் சீட்டில் அது எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பேசியும் தீரவில்லையென்றால் ஈப்போவில் லேபர் ஆபீஸ் இருக்கிறது. வெளிநாட்டவரும் புகார் கொடுக்கலாம். போகும்போது நோட்டு, சம்பளச் சீட்டுகள், பெர்மிட் நகல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலாய் தெரியாவிட்டால் இங்குள்ள தொழிற்சங்க அண்ணன் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள்.