தார் பாலைவனத்தில் நாலு நாள் நடை: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று நம்ம பக்கத்து ஆட்களிடம் தார் பாலைவனத்தில் நாலு நாள் நடக்கலாம் வாங்க என்று சொன்னால் உடனே வரும் பதில், "மே மாசம் மூலக்கொத்தளத்துல பஸ்ஸுக்கு நின்னவனுக்கு அந்த வெயில் என்னப்பா செய்யும்?" என்பதுதான். இந்தத் தைரியம்தான் எனக்குக் கவலை. நம் ஊர் காற்றில் ஈரம் அதிகம், அதனால் வியர்த்தால் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும், தண்ணீர் குடி என்று உடம்பே கத்திச் சொல்லும். ராஜஸ்தானில் நாம் நடக்கப்போகிற ஜெய்சல்மேர் பக்கத்துக் காற்று காய்ந்த காற்று. வியர்வை தோலுக்கு வந்த கையோடு ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே இருக்கும், வியர்க்கவே இல்லையே என்று நடந்துகொண்டே இருப்பீர்கள். மதியம் பையை இறக்கிப் பார்த்தால் தோளில் வார் பட்ட இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருக்கும், உதடு வெடித்திருக்கும், காலையிலிருந்து ஒருமுறைகூட சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். கீழே நான் சொல்வது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். வெயில் நமக்குப் பழக்கம், வறட்சி பழக்கமில்லை. குளிரும் பழக்கமில்லை.

போகும் காலம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை. கோடையில் அங்கே 45 டிகிரிக்கு மேல் போகும், அப்போது நடைப்பயணம் என்ற பேச்சே வேண்டாம். குளிர்காலத்தில் பகல் 22லிருந்து 28 டிகிரி, நடக்க அருமையான வெயில். ஆனால் ராத்திரி 5 டிகிரி பக்கம் இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. டிசம்பரில் 20 டிகிரிக்கு இறங்கினாலே நாம் குல்லா போடுகிற ஆட்கள், இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் உண்டு, ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், அங்கிருந்து ஜெய்சல்மேர் ஐந்தாறு மணி நேரம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். சௌகார்பேட்டை மார்வாடிக் குடும்பங்கள் ஊருக்குப் போகிற ரயில்கள் இவை, விடுமுறை நேரத்தில் இடம் கிடைப்பது சிரமம்.

எங்கே நடப்பது? ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள், தென்மேற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் கூரி கிராமம். சாமில் ஜீப்பும் கூட்டமும் பாட்டும், ஒரு சாயங்காலத்துக்கு மேல் நமக்கு அங்கே வேலையில்லை. கூரி பக்கம் அமைதி. இந்த வட்டாரத்தில் பெரும்பகுதி பாலைவன தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். பூங்கா எல்லைக்குள் நடக்க ஜெய்சல்மேர் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். உலகத்திலேயே அழிவின் விளிம்பில் நிற்கிற பறவைகளில் ஒன்றான கானமயில் வாழும் இடம் அது, ஆகவே வேலி போட்ட பகுதிக்குள் குறுக்கே நடக்கவே கூடாது. இன்னும் மேற்கே போனால் பாகிஸ்தான் எல்லை. எல்லையோரக் கிராமங்களுக்கு இந்தியர்களுக்கும் தனி அனுமதி தேவைப்படும், சரியாக எந்த ஊரோடு நிறுத்த வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகத்திடமோ காவல் நிலையத்திலோ கேட்டுவிடுங்கள். டிரோன் கொண்டுபோகாதீர்கள். சாட்டிலைட் போனும் வேண்டாம், வெளிநாட்டில் இருக்கும் மச்சான் வாங்கிக் கொடுத்ததாக இருந்தாலும் சரி, அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் இந்தியாவில் குற்றம். பொக்ரான் பக்கம் ராணுவம் சுட்டுப் பழகும் நிலம் இருக்கிறது, அந்தப் பலகை கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்புங்கள், மண்ணில் கிடக்கிற எந்த இரும்பையும் தொடாதீர்கள்.

முதல்முறை போகிறவர்கள் தனியாகப் போகவே வேண்டாம். உள்ளூர் ஒட்டகக்காரர் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் நடங்கள், தண்ணீரை ஒட்டகம் சுமக்கட்டும். இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற சில பேரை எனக்குத் தெரியும், அவர்களுக்காகக் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். நடக்கிற ஒருவருக்குக் குளிர்காலத்திலேயே ஒரு நாளைக்குக் குடிக்க 4லிருந்து 5 லிட்டர், சமையலுக்கு 1 லிட்டர். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 24 லிட்டர். ரெண்டு நாள் கிணறு இல்லாத வழி என்றால் 48 லிட்டர், அதாவது 48 கிலோ. உணவு, படுக்கை எல்லாம் இதற்கு மேலே. தவிர, எந்தக் கிணற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறது, எது உப்புக் கரிக்கும் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது, அந்த மனுஷனுக்குத்தான் தெரியும். கூலியை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள், ஒட்டகத்தின் தீவனம் அதில் சேர்த்தியா என்பதையும் கேளுங்கள். கிளம்பும் முன் ஒட்டகத்தின் முதுகையும் மூக்கையும் ஒருதரம் பாருங்கள், சேணத்தின் அடியில் புண் இருந்தால் வேறு ஒட்டகம் கேளுங்கள்.

தண்ணீர் குடிக்கும் முறைக்கு வருவோம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், இருபது நிமிடத்துக்கு ஒருதரம் நாலு வாய். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஓஆர்எஸ், ஒரு லிட்டரில் முழுசாகக் கரைத்து. பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ரெண்டும் தலை தட்டிய அளவு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, டீ நிறத்துக்கு வந்தால் உடனே நிழலில் உட்கார வேண்டும். கூட வருகிறவர் வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுகிறாரா, பேச்சு குளறுகிறதா, கால் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள். இப்படி இருந்து உடம்பும் கொதித்தால் அது வெப்பவாதம், படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, துணியால் விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்கக் கூடாது.

அந்த ஊர்க்காரர்களின் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல வீட்டு முற்றத்தில் தரைக்கு அடியில் டாங்கா என்று ஒரு தொட்டி இருக்கும். சுற்றிலும் சரிவாக மெழுகிய தரை, நடுவில் சின்ன மூடி, மழைக்காலத்தில் விழுகிற கொஞ்ச மழையை அப்படியே உள்ளே இறக்கி வருடம் பூராவும் குடிப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ரெண்டு நாளில் நம் தலையில் கொட்டிய மழை, ஜெய்சல்மேரில் ஒரு முழு வருடம் பெய்வதைவிட அதிகம். அதனால் கேட்காமல் மூடியைத் திறக்காதீர்கள், மெழுகிய தரையில் செருப்போடு நடக்காதீர்கள். கேட்டால் கொடுப்பார்கள், இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதனாலேயே அளவாகக் கேளுங்கள். கை கழுவ மணலே போதும். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

இனி பயிற்சி. ரெண்டு மாதம் முன்னாலேயே தொடங்க வேண்டும், மணலில் நடப்பது தார் ரோட்டில் நடப்பது மாதிரி இல்லை, கெண்டைக்காலும் கணுக்காலும் வேறு மாதிரி வேலை செய்யும். நமக்கு இதில் ஒரு சங்கடம், கடலோரத்தில் இருக்கிறோம் ஆனால் கரையில் மணல் இல்லை. துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கேயிருந்து கரையோரமாக வரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டு மெரினா அகலமாகிவிட்டது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரித்து, கடைசியில் கருங்கல் கொட்டிய கரைதான் நமக்கு மிச்சம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிக்கும் தூசிக்கும் நடுவில் நடக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. வாரநாளில் பக்கத்து மேம்பாலத்திலோ அடுக்குமாடிப் படியிலோ முதுகுப்பையில் நாலைந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஏறி இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மெரினாவுக்குப் போய் அலை நனைக்காத உதிரி மணலில் நடங்கள், இல்லையென்றால் பழவேற்காடு. முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் மூன்று, கிளம்பும் முன்னால் அடுத்தடுத்து ரெண்டு நாள் நாலு மணி நேரம் சுமையோடு நடந்து பாருங்கள். ரெண்டாம் நாள் காலையில் கால் எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஷூ வாங்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அந்தத் தேசியப் பூங்காவில் மணல்மேடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதி கல்லும் சரளையும் முட்புதரும் உப்புப் படிந்த தரையும். அதனால் பாதம் கெட்டியான, கணுக்காலை இறுக்கிப் பிடிக்காத ஷூ, அரை அளவு பெரிதாக. முழுக்க வலைத்துணியாக இருந்தால் மணல் உள்ளே புகும். ஷூவின் வாயையும் கெண்டைக்காலையும் சேர்த்து மூடுகிற துணி உறையை நம்ம தெரு டெய்லரிடமே பழைய குடைத்துணியில் தைத்துக்கொள்ளலாம், அடியில் ஒரு எலாஸ்டிக் போதும். இது மணலுக்காக மட்டும் இல்லை, பூரட் என்று அங்கே ஒரு புல் இருக்கிறது, அதன் முள்விதை சாக்ஸில் ஏறினால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், பிடுங்கும் விரலிலும் குத்தும்.

துணிமணியில் பகலுக்கு முழுக்கை தொளதொள காட்டன் சட்டை, ஒரு கைலி. கைலியை விட்டுவிடாதீர்கள், தலைக்கு முண்டாசு, மதியத்துக்கு நிழல், காற்றடித்தால் மூக்குக்கு மறைப்பு, எல்லாம் அதுதான். ராத்திரிக்கு உடம்போடு ஒட்டிய உள்ளங்கி, ஸ்வெட்டர், காற்று புகாத மேல்கோட்டு, குல்லா, கம்பளிச் சாக்ஸ், 0 டிகிரிக்குத் தாங்கும் தூக்கப்பை. விலை அதிகம் என்றால் சென்னையில் வாடகைக்குத் தருகிற கடைகள் இருக்கின்றன.

சாப்பாட்டுச் சாமானுக்கு மின்ட் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள், காக்ரா என்கிற மொறுமொறு ரொட்டி, வறுத்த கடலை, பேரீச்சை எல்லாம் அங்கேயே கிடைக்கும். கடைக்காரர்களில் பலருக்கு மார்வார் சொந்த ஊர், குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டால் வேலையை விட்டுவிட்டு உங்களுக்குச் சொல்வார்கள், "கம்மா கணி" என்று வணக்கம் சொல்லவும் கற்றுக்கொண்டு வரலாம். வீட்டிலிருந்து அவல், சத்துமாவு, கடலை மிட்டாய், எலுமிச்சை. காசிமேட்டுக் கருவாடு வேண்டாம், உப்பு தாகத்தைக் கிளப்பும், சமைக்கிற இடமும் பெரும்பாலும் சைவ வீட்டுப் பக்கமாக இருக்கும். சாயங்காலம் ஒட்டகக்காரர் சுட்டுத் தரும் கம்பு ரொட்டியும் பருப்பும் போதும். விறகுக்குக் கீழே விழுந்த சுள்ளி மட்டும். அங்கே கேஜ்ரி என்று நிற்பது நம்ம வன்னி மரம்தான், அதைத் தொடவே கூடாது. 1730ல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் அந்த மரங்களை வெட்ட அரண்மனை ஆட்கள் வந்தபோது அம்ரிதா தேவி முதல் பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டார்கள். அந்த மண்ணில் கிளை ஒடிப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அங்கே சூரியன் உதிக்கவே ஏழே கால் மணிக்கு மேல் ஆகும், ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். விடியும் முன் டீ, வெளிச்சம் வந்ததும் நடை, பதினொன்றரைக்கு நிழல், மூன்று மணிக்கு மறுபடி, ஐந்துக்குள் நிறுத்தம். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் தாராளம். மணல்மேட்டை எடுத்தவுடன் நேராக ஏறாதீர்கள். தாரில் பலமான காற்று கோடையில் தென்மேற்கிலிருந்து வீசும், அதனால் அந்தப் பக்கம் சரிவு மெல்ல ஏறும், மணலும் இறுகி இருக்கும். எதிர்ப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் செங்குத்து, ஓரடி வைத்தால் முக்கால் அடி சறுக்கும், அது இறங்க மட்டும். ஏறினால் காற்றுப் பக்கமாக, இல்லை முகட்டின் மேலேயே. குதிகாலை அழுத்தாமல் பாதம் முழுவதையும் தட்டையாக வையுங்கள். விடிகாலையில் பனி பட்ட மணல் கெட்டியாக இருக்கும், பெரிய மேடுகளை அப்போதே கடந்துவிடுங்கள். முகட்டில் நின்று பார்க்கும்போது காற்று மணலைச் சன்னமாக இழுத்துப் போவதும், கோடு கோடாக அடித்தளம் வரை நெளிந்திருப்பதும், அதில் ராத்திரி ஒரு வண்டு போன தடமும் தெரியும், அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

படுக்கை ரெண்டு மேடுகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் வேண்டாம், குளிர்காற்று கீழே இறங்கி அங்கேதான் தேங்கும். பாதி உயரத்தில், காற்றுக்கு மறைவாக. அடியில் கட்டாயம் பாய் வேண்டும், பகலில் சுட்ட மணல் ராத்திரி உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஷூவைக் காலையில் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். பாம்பு குளிரில் அதிகம் நடமாடாது, ஆனாலும் சுருட்டை விரியன் உள்ள இடம், இருட்டில் டார்ச் இல்லாமல் அடி வைக்காதீர்கள். கடித்தால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் ஜெய்சல்மேர் அரசு மருத்துவமனைக்கு.

திசைக்கு போனில் ஆஃப்லைன் வரைபடம், ராத்திரி போனையும் பவர்பேங்கையும் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கூடவே ஒரு சாதாரண திசைகாட்டி. சென்னையில் துருவ நட்சத்திரம் வடக்கே 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதுவும் நம்ம பக்கம் வடசென்னை அனல்மின் நிலையப் புகையிலும் விளக்கு வெளிச்சத்திலும் தெரியவே தெரியாது. ஜெய்சல்மேரில் அது 27 டிகிரி உயரம். முதல் ராத்திரியே ஒட்டகக்காரரைக் காட்டச் சொல்லி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் எங்கே தங்குகிறோம் என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இத்தனாம் தேதி இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் 112க்கோ ஜெய்சல்மேர் காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள் என்று நேரத்தையும் எழுதிவிடுங்கள், உள்ளே பல இடத்தில் சிக்னல் கிடையாது. திரும்புகிற ரயிலை நடை முடிகிற அன்றைக்கே போடாதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள். கால் கொப்புளம் ஆறவும் ஒட்டகக்காரரின் கணக்கை நிதானமாகத் தீர்க்கவும் அந்த ஒரு நாள் வேண்டும், வழியில் ஏதாவது தாமதமானால் அதற்கும் அதுதான்.